அடுத்த வார்த்தை தெரிந்தவர்

எங்கள் ஆபீஸ் அக்காவிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தவர் ராபர்ட்சன்பேட்டையில் யாராவது இருந்தால், அவருக்கு நானே மாலை வாங்கிப் போடுவேன். அக்காவோடு வேலை பார்த்த காலம் முழுக்க நானும் முயன்று பார்த்தவன். "அக்கா, நேத்து பங்காருபேட்டை ட்ரெயின்ல..." என்று ஆரம்பித்தால், "சீட் கெடைக்கல, நின்னுகினே வந்த. அது தெரியும். மிச்சத்த சொல்லு" என்பார். நின்றுகொண்டுதான் வந்திருப்பேன். மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. வாயை மூடிக்கொண்டு என் மேசைக்குப் போய்விடுவேன்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொன்னது தப்பினால் வேறு ஆளாகிவிடுவார். பேனாவைக் கீழே வைத்து, நாற்காலியை என் பக்கம் திருப்பி, "இன்னா சொன்ன? திரும்ப சொல்லு" என்று கண்ணை விரித்துக் கேட்பார். தன் ஊகம் தப்பியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகவே ஆபீசுக்கு வரும் வழியில் ஏதாவது எதிர்பாராத சேதி கிடைக்குமா என்று நான் தெருவைப் பார்த்துக்கொண்டே வருவேன். பெரும்பாலும் கிடைக்காது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்க வந்த சொந்தக்காரர்களுக்குக் கேள்வி முடியும் முன்பே பதில் கிடைத்ததால், அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

எங்கள் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒரே அறை. பெங்களூரிலிருந்து எப்போதாவது வந்துபோகும் முதலாளி, கணக்குக்கு அக்கா, ஆணி அடிக்க நான். ஆணி அடிப்பது என்று அக்காதான் சொல்வார். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன், எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி செய்து, பழைய தங்கச் சுரங்கங்களை ஒட்டி, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் சுவர்களில் அதைப் பொருத்துவோம். சுரங்கங்களை மூடிய பிறகு அடியில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. எப்போதாவது உள்ளே பாறை வெடித்துத் தரை குலுங்கும். லைன்காரர்கள் அதற்கெல்லாம் ஓடமாட்டார்கள். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பர்ஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். நான் சுரங்கத்துக்குத் தள்ளியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் மட்டும்தான் தெருவுக்கு ஓடினேன்.

பெட்டிக்குள் இருந்த சிப் மலிவானது, பேட்டரியும் சின்னது. சுவரின் ஒவ்வொரு அசைவையும் அப்படியே ஆபீசுக்கு அனுப்ப அதற்குச் சக்தி கிடையாது. அதனால் அக்கா தன் குணத்தையே பெட்டிக்கும் கொடுத்துவிட்டார். கடைசியாக வந்த சில அசைவுகளைப் பார்த்து, அடுத்தது எவ்வளவு இருக்கும் என்று பெட்டி ஊகிக்கும். வந்ததும் ஒப்பிடும். ஊகம் பலித்தால் அதில் சேதி இல்லை. தப்பிய அளவுதான் சேதி. அந்த மிச்சம் திடீரென்று எகிறினால் ஆபத்து என்று சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை.

ஊகிப்பதற்கு, பழைய அசைவுகளில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று கணக்குப் போட வேண்டும். சுவர் இருக்கும் நிலை மாறிக்கொண்டே இருப்பதால் அந்தக் கணக்கை ஓயாமல் திரும்பப் போட வேண்டும். முதலில் செய்த பெட்டிகள் ஒவ்வொரு தடவையும் எல்லாச் சமன்பாடுகளையும் அடியிலிருந்து தீர்த்தன. பேட்டரி வாரம் தாங்கவில்லை. பெரிய பேட்டரி போடலாம் என்றார் முதலாளி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்தச் சமன்பாடுகளில் ஒரே எண்கள் சாய்வாக வரிசை கட்டித் திரும்பத் திரும்ப வரும், அந்த ஒழுங்கைப் பயன்படுத்தினால் குறுக்கு வழி உண்டு என்று எனக்குச் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உன் மூஞ்சியவே எடுத்துக்கோ" என்றார். "இன்னிக்கு நீ உம்முனு இருப்பியா இல்லியான்னு நான் கண்டுபுடிக்கணும். முதல்ல நேத்து மூஞ்சிய மட்டும் வெச்சி ஒரு கணக்கு போடறேன். சொல்பம் தப்புது. இப்ப முந்தாநேத்தும் சேக்கணும். அதுக்காக போட்ட கணக்க அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்களா? நேத்து மூஞ்சியால சொல்ல முடியாம போன மிச்சம் கீதே, அதுல முந்தாநேத்து எவ்ளோ சொல்லுதுன்னு மட்டும் பாக்கணும். ஒரே ஒரு நம்பர் வரும். அத்த வெச்சி பழைய கணக்க திருத்திக்கணும். அப்புறம் அதுக்கும் முந்தின நாளு. இப்பிடியே ஏறிக்கினு போவலாம்."

"அந்த நம்பர் எவ்ளோக்கா வரும்?"

"ஒன்ன தாண்டாது. பூஜ்யத்து பக்கம் இருந்தா அந்த நாளு உதவலன்னு அர்த்தம். ஒன்னுக்கு பக்கத்துல போச்சின்னா, இனிமே கண்டுபுடிக்க ஒன்னுமே பாக்கி இல்ல. உசுரோட கீற எதுவும் ஒன்ன தொடாது தம்பி. உன் மூஞ்சிகூட."

குறுக்கு வழி ஏறிய பிறகு அதே பேட்டரி ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியது. அதைச் சொல்லித்தந்த வாரத்தில் அக்கா என் மூஞ்சியைப் பற்றிப் பேசாத நாளே இல்லை.

இதுவரை சொன்னதில் அவர் ஒரு வேடிக்கையான மனுஷியாகத் தெரியலாம். அது முழு உண்மை இல்லை. எங்களோடு சில மாதம் வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் காலை ஃபோனைக் காதில் வைத்தபடி உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். "அக்கா..." என்று வாயைத் திறந்ததும், "போயிட்டாரா? நீ கெளம்பு. வண்டி சாவி மேசைல கீது" என்றார் அக்கா. அவர் நினைத்தது சரிதான். சாவி கொடுத்ததும் நல்ல மனசோடுதான். ஆனால் அந்த மனிதர் திரும்பி வேலைக்கு வரவேயில்லை. பிறகு ஆண்டர்சன்பேட்டை பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது என்னிடம் சொன்னார்: "எங்க அப்பா செத்தத என் வாயால நான் சொல்லணும் இல்ல? அந்தம்மா சொல்லிட்டாங்க." அக்காவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவின் அம்மா இதற்கு நேர் எதிர். ஆண்டர்சன்பேட்டை தாண்டி ஒரு லைனில் தகரக் கூரை வீடு. அந்த அம்மா எதையும் ஆரம்பத்திலிருந்துதான் சொல்வார். கத்தரிக்காய் அழுகியிருந்தது என்று சொல்வதற்குக்கூடக் காலையில் எழுந்ததிலிருந்து தொடங்க வேண்டும். மகளோ, "அழுகிப் போச்சி, திருப்பி குடுத்துட்ட. மிச்சத்த சொல்லும்மா" என்பார். அம்மா நிறுத்திவிடுவார். பக்கச் சுவரில் பெட்டி மாட்ட நான் போனபோது என்னை உட்கார வைத்து, சுண்டல் கொடுத்து, ஒரு கதையை முழுசாகச் சொன்னார். "உன்கிட்ட சொன்னா தான்பா கடைசி வரிக்கும் சொல்ல முடியுது" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கதை என்னவோ ரொம்ப நீளம்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயத்தில் அக்காவின் தங்கைக்கு அந்த வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். ஊரே வரும், ஹால் பத்தாது என்று அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டு நடுச்சுவரை இடித்துவிட்டார். லைனில் இது சகஜம். கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் நடுச்சுவர் போய்விடும். அது வெறும் தடுப்புத்தானே, பாரம் தாங்குகிற சுவரா என்று எல்லோரும் சொல்வார்கள். வீடெல்லாம் தூசி என்பதைத் தவிர அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை.

காலையிலேயே வளையல் போட்டு முடித்துவிட்டார்கள். முதலாளிக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்ப வேண்டியிருந்ததால் அக்கா பட்டுப்புடவையோடு ஆபீசுக்கு வந்தார். பந்தி போடும் நேரத்துக்கு என் வண்டியில் இரண்டு பேரும் போவதாக ஏற்பாடு. நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு பசியோடு காத்திருந்தேன்.

"அம்மா வீட்டு பெட்டிக்கு ஸ்க்ரூ டைட்டா போட்டியா?" என்றார் திடீரென்று.

"போட்டேன்கா."

"ரெண்டும்?"

நான் போட்ட ஸ்க்ரூவை யாராவது சந்தேகப்பட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விருட்டென்று எழுந்துபோய் அவருடைய திரையைப் பார்த்தேன். அந்த வீட்டின் பெட்டி பச்சையில்தான் இருந்தது. மற்ற எல்லாப் பெட்டிகளையும்விட நல்ல பச்சை. ஊகத்தில் தப்பும் மிச்சம் காலையிலிருந்து இறங்கி இறங்கி, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருந்தது. "நல்லாத்தானே கீது?" என்றேன்.

அவர் வேறொரு இடத்தில் விரலை வைத்தார். என் மூஞ்சிக் கணக்கில் சொன்ன, படிப்படியாக வரும் அந்த எண்களில் ஒரு எண், ஒன்று என்ற எல்லைக்குப் பக்கத்தில் நின்றது. நான் பார்க்கப் பார்க்க அடுத்த கணக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கியிருந்தது.

அக்கா முதலாளிக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னார். "ஃபங்ஷன் வீடு இல்லையாம்மா? பாட்டு போட்டிருப்பாங்க. பச்சைதானே, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றார் அவர்.

"பாட்டுன்னா மாறிக்கினே இருக்கும் சார். மிச்சம் ஏறும். இங்க எறங்குது. ஒரே அசைவு, அதுவே திரும்பத் திரும்ப."

"பச்சைதானேம்மா?"

அக்கா ஃபோனை வைத்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. "நாலு பக்கமும் புடிமானத்தோட நிக்கிற சுவரு இப்பிடி ஒழுங்கா ஆடாது தம்பி" என்றார். "நடுச்சுவரு தான் சைடு சுவர புடிச்சிகினு இருந்திருக்கு. அத்த எடுத்துட்டோம். இப்ப அது எதையும் தொடாம தனியா ஆடுது. ஆட்டம் அடங்க மாட்டேங்குது." மிச்சம் எகிறினால் ஆபத்து என்றுதான் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். மிச்சமே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

அம்மாவுக்கு ஃபோன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. தங்கைக்குப் போட்டார். அதுவும் அப்படியே. பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

வண்டியை நான் ஓட்டிய ஓட்டு எனக்கே நினைவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து சேறு இறங்கி ரோடெல்லாம் வழுக்கியது. அக்கா பின்னால் உட்கார்ந்து, எனக்கா தனக்கா என்று தெரியாமல் பேசிக்கொண்டே வந்தார். "சுவரு விழப்போவுதுன்னு சொன்னா யாரும் வெளிய வர மாட்டாங்க. எங்க, எந்த சுவருன்னு கிட்ட போயி பாப்பாங்க. தட்டி பாப்பாங்க. மாமா ஒருத்தரு கீறாரு, அவரு முதுக குடுத்து தள்ளி காமிப்பாரு. சாப்புடாம அனுப்பறியான்னு அத்த சண்டைக்கு வரும்." ஒவ்வொருவரும் என்ன செய்வார்கள் என்று வரிசையாகச் சொன்னார். அந்த வீட்டு ஆட்கள் எனக்கும் கொஞ்சம் பழக்கம். ஒன்றுகூடத் தப்பாகத் தோன்றவில்லை.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பாட்டும் சிரிப்பும் கலந்து வந்தன. அக்கா வாசலுக்குப் போகாமல் பக்கவாட்டில் போய், மழையில் ஊறிய அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். என் கையையும் இழுத்து வைத்தார். சுவர் மெதுவாக நடுங்கியது. பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு ஆரம்பிக்கும் முன் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியிலும் சுவர் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

அக்கா வாசலில் நின்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்தினார்:

"டேங்கர் வந்துகீதுடீ! முனையில நிக்குது! இன்னிக்கு இதான் கடைசி லோடாம்!"

வானத்திலிருந்து தண்ணீர் கொட்டினாலும் அந்த லைனில் குடிக்கிற தண்ணீர் டேங்கரில்தான் வர வேண்டும். அது வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. நான் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். பட்டுப்புடவைகள் குடங்களோடு பாய்ந்தன. சந்தனக் கிண்ணம் உருண்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா ஒரு பிளாஸ்டிக் டிரம்மைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். அத்தை சமையல் அண்டாவையே தூக்கிக்கொண்டு வந்தார். ஹால் காலியாகிவிட்டது. தங்கை ஓடமாட்டாள் என்று தெரிந்துதான் அக்கா உள்ளே போய் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து எதிர்வீட்டு வாசலில் உட்கார வைத்தார். அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு ஒரு பக்தியே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

முனைக்குப் போனவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். "எங்கடி டேங்கரு?" என்று அண்டாவோடு வந்தார் அத்தை. "நல்ல நாளும் அதுவுமா வெளையாடறியா? புள்ளத்தாச்சிய மழைல உக்கார வெச்சி..." அக்கா குடங்களுக்கு நடுவே யாரையோ தேடினார். டேங்கர் வந்தால் வரிசையில் முதல் குடம் எப்போதும் அவருடைய அம்மாவுடையதாகத்தான் இருக்கும் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். அக்கா வரிசை தொடங்கியிருக்க வேண்டிய முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து துடைப்பம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அம்மா!" என்று அக்கா ஓடினார். நானும் ஓடினேன். நாங்கள் வாசலை அடைவதற்குள் அந்தச் சுவர் பெரிய சத்தம்கூட இல்லாமல், சாக்கு மூட்டை சரிவதுபோல உட்கார்ந்தது. அதன்பிறகுதான் தகரம் இறங்கிய சத்தம் வந்தது.

திட்ட வந்தவர்கள் எல்லோரும் குடத்தைப் போட்டுவிட்டுத் தகரத்தைத் தூக்கினார்கள். அம்மா எதிர்ப்பக்கச் சுவரோரம் கிடந்தார். உத்தரக் கட்டை அவருடைய இடது தொடைமேல் விழுந்திருந்தது. உயிர் இருந்தது. அவரைச் சுற்றிலும் வாழை இலைகள், பாதி விரித்தும் பாதி சுருட்டியபடியும்.

மற்ற எல்லோரும் பிழைத்தார்கள், ஒரு கீறல்கூட இல்லை. லைனே அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டது. அத்தை காலில் விழப் போனார். பெங்களூர் முதலாளி நேரில் வந்து பாராட்டிவிட்டுப் போனார். மிச்சம் இறங்கினாலும் சிவப்பு எரியும்படி எல்லாப் பெட்டிகளையும் நாங்கள் மாற்றினோம். அக்கா மட்டும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டார். "தண்ணின்னா முதல்ல நிக்கிறது அம்மாதான் தம்பி. என் கணக்கு எப்பிடி தப்பிப் போச்சி?" என்று வேலைக்கு நடுவில் கேட்பார். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து பேச முடிந்த நாளில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டே அக்கா கேட்டுவிட்டார். "டேங்கர்னு நான் கத்தனது உனக்கு கேக்கலியாம்மா?"

"கேட்டுச்சே" என்றார் அம்மா. "சமையகட்டுல எல எடுத்துகினு இருந்தேன், வந்து பாத்தா எல்லாரும் ஓடிட்டாங்க. ஹாலு காலியா இருந்துச்சி. ஆளுங்க திரும்பி வரதுக்குள்ள பெருக்கிட்டு எல போட்டா, வந்ததும் உக்காந்து சாப்புடுவாங்க இல்ல? தண்ணி என்னாடி தண்ணி, இன்னொரு நாளிக்கி வரும். வந்தவங்க பசியோட கீறாங்களே."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரி அப்படித்தான் செய்வாள் என்று அந்த நொடியில் எங்களுக்கு எவ்வளவு சுலபமாகத் தெரிந்தது!

அம்மா சாத்துக்குடிச் சுளையை மென்று முழுங்கிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"ஊரையெல்லாம் கூப்பிட டேங்கர் வேணும்டி. என்ன கூப்பிட இன்னாத்துக்கு டேங்கரு? 'அம்மா, வெளிய வா'ன்னு கூப்புட்டிருந்தா, எதுக்குன்னுகூட கேட்டிருக்க மாட்டேன். வந்திருப்பேன்."